முதல் தொட்டியில் ஒன்று

சங்குமுனையில் செத்துப்போன மடவை மீன் குஞ்சுகள் தெருவில் நீந்தத் தொடங்கிய புதன்கிழமை காலையில் ஊராருக்கு முதலில் வந்த கவலை, துவைத்த துணியை எங்கே காயப்போடுவது என்பதுதான். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள், எண்ணி முப்பத்திரண்டு, இடுப்பு உயரத்தில் காற்றில் வாலை அசைத்துக்கொண்டு மாதா கோயில் தெருவுக்குள் நுழைந்து, டீக்கடை பெஞ்சைச் சுற்றி, கொடியில் கிடந்த சேலைகளுக்குள் புகுந்து வெளிவந்து, ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் வரைக்கும் போய், அங்கே தண்ணீரைக் கண்டதும் சூடு பட்டதுபோல் சட்டென்று திரும்பி மறுபடியும் ஊருக்குள் வந்தன. ஐப்பசி மாதம், மழை பெய்து தெருவெல்லாம் குட்டை கட்டிக் கிடந்தது. குட்டைகளையும் அவை விலக்கி விலக்கித்தான் போயின.

மத்தியானத்துக்குள் ஊர் பழகிவிட்டது. டீக்கடை குரூஸ் கண்ணாடி கிளாஸ்களைத் தட்டு போட்டு மூடினார். பதினோரு மணி பஸ் டிரைவர் கோயில் திருப்பத்தில் ஹாரன் அடிக்காமல் நின்று, கூட்டம் கடந்து போகட்டும் என்று பீடி பற்றவைத்துக்கொண்டார். பால்வாடி டீச்சர் பிள்ளைகளை வாசலில் உட்காரவைத்து எண்ணச் சொன்னாள். பத்துக்கு மேல் தடுமாறிய சங்குமுனைப் பிள்ளைகள் எல்லோரும் அந்த ஒரே வாரத்தில் முப்பத்திரண்டு வரைக்கும் பிசகாமல் எண்ணப் படித்துவிட்டார்கள், முப்பத்து மூன்றாவது எண் என்று ஒன்று இருப்பதை அவர்களுக்கு நம்பவைப்பதற்குத்தான் பிறகு பாடுபட வேண்டியிருந்தது. விஷயத்தை முதலில் புரிந்துகொண்டவை பூனைகள். மீன் தன் மூக்குக்கு நேராக வந்து நின்றும், ஊரிலிருந்த அத்தனை பூனைகளும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூரைமேல் ஏறிப் படுத்துவிட்டன.

சுற்றிச் சுற்றி வந்த குஞ்சுகள் ஒரே ஒரு வீட்டில்தான் தங்கின. அது சலேத் மேரியின் வீடு. ஒன்பது மாதக் குழந்தை அமலி படுத்திருந்த தொட்டிலுக்கு மேலே முப்பத்திரண்டும் கூடி நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. ஏன் தன் வீட்டுக்கு வந்தன என்று சலேத் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

சலேத் ஆற்றங்கரைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர். அவளுடைய கணவன் வியானிக்கும் அங்கேதான் வேலை, பாய்லரில். கடல் தண்ணீர் ஓடும் குழாய்களுக்குள் சிப்பி ஒட்டி அடைத்துக்கொள்வதால் கம்பெனி ஒரு புது மருந்தைக் கொண்டுவந்திருந்தது. குழாயைக் கழுவிய பிறகு அந்த மருந்துத் தண்ணீரை முகத்துவாரத்தில் விட வேண்டும், விடுவதற்கு அனுமதி வேண்டும், அனுமதிக்கு மீன் சோதனை வேண்டும். முகத்துவாரத்தில் வீசிப் பிடித்த மடவைக் குஞ்சுகளை ஆறு கண்ணாடித் தொட்டிகளில் தொட்டிக்குப் பத்தாக விட்டு, ஒன்றில் வெறும் ஆற்றுத் தண்ணீரும், மற்ற ஐந்தில் மருந்தைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அதற்கு மேலும் கொஞ்சம் என்று ஏற்றி ஏற்றிக் கலந்தும், நான்கு நாள், அதாவது தொண்ணூற்றாறு மணி நேரம், எத்தனை சாகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. ஆற்றுக்கு வந்து சேரப்போகும் அளவு, மருந்து கலந்த முதல் தொட்டியில் இருந்தது. மற்ற நான்கும் அதைவிடக் காட்டம்.

மீன் செத்துவிட்டதா என்று பார்க்கவும் ஒரு முறை உண்டு. செவுள் அசையக்கூடாது, வாலுக்கு மேலே ஒடுங்கிய இடத்தைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டால் துடிக்கக்கூடாது. இரண்டும் நின்றிருந்தால்தான் செத்ததாகக் கணக்கு. நான்கு நாளும் காலை பத்து மணிக்கு சலேத் ஒவ்வொரு குஞ்சாகத் தொட்டாள். தொட்டது அசையாதபோதெல்லாம் அவளையறியாமல், குச்சி பிடிக்காத இடது கையின் கட்டைவிரல் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டு வந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் பத்து வருஷம் படித்தவளின் கை அப்படித்தான்.

கோமதிநாயகம் சார்தான் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பு. அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர். மாடியில் இருப்பவர்கள் அவரை அதட்டுவார்கள். சலேத் எழுதிக் கொடுத்த தாளை இரண்டு தடவை படித்துவிட்டு நான்காக மடித்துக் கிழித்தார். பிறகு வெறும் தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

“கைக்குழந்தை வச்சிருக்கே. வீட்டுக்காரரும் பாய்லர்ல நிக்கிறார். நான் உன்னைப் பொய் எழுதச் சொல்லலம்மா. திரும்ப எழுதச் சொல்றேன்.”

ஐந்து தொட்டிக்கும் நேராக அவள் ஐந்து சைபர் போட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் முதலெழுத்துகளை மட்டும், மீன் செதிலைவிடச் சின்னதாக, யார் போட்டது என்று யாருக்கும் தெரியாத மாதிரி கிறுக்கினாள். அது செவ்வாய்க்கிழமை சாயந்தரம். சோதனைக்கூடத்துக்குப் பின்னால் தோண்டிய குழியிலிருந்து புதன்கிழமை காலையில் குஞ்சுகள் எழுந்து வந்தன.

சங்குமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லறைத் திருநாள் அன்று சாயந்தரம் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூட, அந்த வருஷம் செத்தவர்களின் பேரைப் பங்குச்சாமி ஒவ்வொன்றாக வாசிப்பார். பேருக்குரிய வீட்டுக்காரர்கள் தேங்காய்ச் சிரட்டைக்குள் மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பார்கள். ஊர் மொத்தமும் “இளைப்பாறட்டும்” என்று சொல்லும். கடலில் போய் உடல் கிடைக்காதவனுக்கும் அதே வாசிப்புதான். வாசிக்காமல் விட்டால் செத்தவன் கால் தரையில் பாவாது என்பது ஊர் நம்பிக்கை. ஒரு வருஷம் எழுதிக் கொடுத்தவர் மறந்துபோனதால் பேர் விட்டுப்போன ஒருவனுடைய சட்டை, காற்றே இல்லாத நாளிலும் ஈரம் காயாமல் கொடியில் ஆடிக்கொண்டே இருந்ததாம். அடுத்த வருஷம் பேரை வாசித்த பிறகுதான் அது காய்ந்ததாம்.

ஆகவே மீன் விற்கும் பெர்ப்பெத்து அக்கா அன்றைக்கே சந்தையில் உட்கார்ந்தபடி, தலைக்கு மேலே போன ஒரு குஞ்சை நிமிர்ந்து பார்த்து, “இது வாசிக்காத சாவுல்லா” என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள், மீனுக்கு ஏது பேர், எதை வாசிக்க என்று சிரித்தார்கள்.

சந்தோஷப்பட்டவர் கோமதிநாயகம் சார் மட்டும்தான். முதல் இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை; மூன்றாம் நாள் திடீரென்று ஏதோ தோன்றி, கண்ணாடிக் குச்சியை எடுத்துக்கொண்டு சந்தைக்கே வந்து, அத்தனை பேர் பார்க்க ஒரு குஞ்சின் வாலைத் தொட்டார். அது துள்ளி விலகியது. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் துள்ளியது. தொட்டால் அசைகிற மீனை எந்த விதியின்படியும் செத்ததாக எழுத முடியாது, ஆகவே சோதனையில் ஒரு மீனும் சாகவில்லை, ஆகவே சைபர் என்பது பொய்யே இல்லை என்று அவர் விளக்கியபோது அவர் முகத்தில், கடன் தீர்ந்தவன் முகத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது.

பெர்ப்பெத்து அக்கா எழுந்தாள். காற்றில் போன குஞ்சு ஒன்றை ஒரே வீச்சில் பிடித்து, நகத்தால் செவுளைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே காட்டினாள். உள்ளே அடுப்புச் சாம்பல் நிறம்.

“நாப்பது வருசமா மீன் விக்கேன் சார். இது அசையுதாக்கும்?”

செவுளும் நிற்க வேண்டும், உடம்பும் நிற்க வேண்டும், இரண்டில் ஒன்று அசைந்தாலும் உயிர்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். சிப்பியைக் கொல்ல என்றுதானே அந்த மருந்தை வாங்கியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். ஆமாம் என்றார்.

“சிப்பியக் கொல்லுமாம், மீனத் தொடாதாம். இது சிப்பி, இது மீனுன்னு அந்த மருந்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல சார் படிச்சுக் குடுத்தாவ?”

சந்தை சிரித்தது. ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது தொழிற்சாலையால்தான். அடுத்த நாள் அதன் வாசல் கேட்டில், மீன்கள் உற்சாகமாகத் துள்ளும் படத்தோடு, எங்கள் ஊர் மீன்கள் நலமாக இருக்கின்றன என்று பேனர் தொங்கியது. கல்லறைத் திருநாள் அன்று மத்தியானம் அனுமதி கொடுக்கும் அதிகாரி வருகிறார், மீன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார், சாயந்தரம் ஐந்து மணிக்குக் குழாய் திறக்கும் என்று செய்தி வந்தது. ஊர் இரண்டு பக்கமாகப் பேசியது. செத்த மீன் நீந்தினால் நமக்கென்ன, அது பாட்டுக்கு அது என்றது ஒரு பக்கம். அந்தத் தண்ணீரில்தானே நம் பிள்ளைகள் குளிக்கின்றன என்றது மறு பக்கம். இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டு, கொடிக்கயிறுகளை இன்னும் ஒரு முழம் உயர்த்திக் கட்டிக்கொண்டு படுக்கப் போனது.

வியானி எந்தப் பக்கமும் பேசவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும், தட்டைப் பார்த்துக்கொண்டே, “நீ வாயத் தொறக்காதட்டி” என்றான். அவள் திறக்கவில்லை. தொட்டிலுக்குக் கொசுவலை கட்டினாள், ஜன்னலை அடைத்தாள், ஜெபமாலையை இரண்டு சுற்றுச் சொன்னாள். பயம் அவளுக்குள் ஒரு வாடகைக்காரர் மாதிரி குடியிருந்தது. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து அவளுக்கு முன்னால் பல் தேய்த்தது.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். தொட்டிலிலிருந்து அமலி சிரிக்கும் சத்தம் வந்தது, பிறகு சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தபோது கொசுவலையின் ஒரு மூலை விலகியிருந்தது, குழந்தையின் வாயிலிருந்து ஒரு வால் ஆடிக்கொண்டிருந்தது.

கஞ்சி தரையில் கொட்டியது. சலேத் விரலை உள்ளே விட்டுக் குஞ்சை இழுத்து எறிந்து, குழந்தையின் நாக்கையும் ஈறையும் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, மறுபடி துடைத்து, மறுபடி கழுவி, குழந்தை அலறி அழுத பிறகுதான் தானும் மூச்சுவிட்டாள். எறிந்த குஞ்சு சுவரில் மோதாமல் வளைந்து வந்து அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. வயிற்றோரம் ஒரு கறுப்புப் புள்ளி. அவளுக்கு அதை அடையாளம் தெரிந்தது. முதல் தொட்டியில், நான்காம் நாள், கடைசி மணி நேரத்தில் நின்றுபோனது அதுதான். மற்ற ஒன்பதும் சுறுசுறுப்பாகத்தானே இருக்கின்றன, இது ஏதோ நோஞ்சான் என்று அன்றைக்கு அவளே தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. பயம் போகவில்லை. அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் அது இருக்கும்போதே அவள் எழுந்து, முகம் கழுவி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பங்குச்சாமியின் பங்களாவுக்கு நடந்தாள். முப்பத்திரண்டும் பின்னால் வந்தன.

பங்குச்சாமி ஞானாதிக்கம் வயதானவர் அல்ல, ஆனால் தொழிற்சாலை கட்டிக் கொடுத்த மணிக்கூண்டின் நிழலில் இருப்பவர். அவள் நடந்ததெல்லாம் சொல்லி, குஞ்சுகளையும் திருநாளில் வாசிக்கக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆயர் என்ன சொல்வார் என்றார். மீனுக்கு ஆன்மா உண்டா என்பது பெரிய கேள்வி என்றார். அதோடு வாசிக்கப் பேர் வேண்டுமே என்றார்.

“பேரு இல்ல சாமி. தொட்டி இருக்கு, நாள் இருக்கு, எண்ணிக்கை இருக்கு.”

“அந்தத் தாளைத்தான் கிழிச்சாச்சே?”

“ஒவ்வொண்ணையும் நான் தொட்டுப் பாத்திருக்கேன்” என்றாள் சலேத். “சீடர்கள் வலையில விழுந்தது நூத்தி அம்பத்து மூணு மீனுன்னு ஞானோபதேச வகுப்புல நீங்கதான சாமி சொல்லிக் குடுத்தீங்க. மீன எண்ணிச் சொல்றது தப்புன்னா, அத யாரு எண்ணினா?”

சாமி கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். பார்க்கலாம் என்றார்.

திருநாள் அன்று மழை தூறிக்கொண்டே இருந்தது. மத்தியானம் வந்த அதிகாரி தொழிற்சாலையில் சாப்பிட்டுவிட்டு மீன்களைக் காட்டச் சொன்னபோது தெருவில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன என்றார்கள். கோமதிநாயகம் சார் தாள்களை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டு, அதிகாரிக்குக் குடை பிடித்தபடி அங்கே அழைத்து வந்தார். ஊர் மொத்தமும் குடையும் சிரட்டையுமாக நின்றது. சிலுவைகளுக்கு மேலே, மழைத்துளிகளை ஒதுக்கி ஒதுக்கி, குஞ்சுகள் வட்டமிட்டன. அதிகாரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கின்றன என்று பேனாவைத் திறந்தார்.

அதற்குள் சாமி அந்த வருஷத்துப் பேர்களை வாசித்து முடித்திருந்தார். ஏழு பேர், ஏழு சிரட்டை. தாளை மடித்தார், இருமினார், எந்தப் பக்கமும் பார்க்காமல் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, “வேற யாரு வீட்டுலயாவது விட்டுப்போன சாவு இருந்தா, அவங்கவங்களே வாசிக்கலாம்” என்று சொல்லி இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

சலேத் மைக்கை எடுத்தாள். இடுப்பில் அமலி. மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததில் குழாய் ஒலிபெருக்கி முழுக்க கரகரத்தது.

“அஞ்சாம் தொட்டி. முதல் நாள். பத்து.”

தூறல் மட்டும் குடைகளில் விழுந்தது. பின்வரிசையிலிருந்து பெர்ப்பெத்து அக்காவின் சந்தைக் குரல் தனியாக வந்தது. “இளைப்பாறட்டும்.”

பத்துக் குஞ்சுகள் நீந்துவதை நிறுத்தின. பிறகு, பெருமழைக்கு முன்னால் விழுமே முதல் துளிகள், அந்தச் சத்தத்தோடு ஒவ்வொன்றாக மணலில் விழுந்தன.

“நாலாம் தொட்டி. முதல் நாள் ஆறு. ரெண்டாம் நாள் நாலு.”

இந்தத் தடவை ஐந்தாறு குரல்கள். பால்வாடிப் பிள்ளைகள் விழுவதை விரல்விட்டு எண்ணினார்கள். இது கம்பெனி ரகசியம், வெளியில் சொல்லக்கூடாது, வேலை போய்விடும் என்று கோமதிநாயகம் சார் முன்னால் வந்து தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வாய்ப்பாடும் மன்றாட்டும் ஒரே ராகத்தில் ஒப்பிக்கக் கன்னியாஸ்திரிகள் பழக்கிய குரல் எங்கிருந்தோ எழுந்து வந்து அவள் பயத்தைத் தோளில் தூக்கிக்கொண்டது.

“மூணாம் தொட்டி. முதல் நாள் ரெண்டு. ரெண்டாம் நாள் ரெண்டு. மூணாம் நாள் மூணு.”

“இளைப்பாறட்டும்” என்றது டீக்கடைப் பக்கம். “இளைப்பாறட்டும்” என்றார்கள் வலைக்காரர்கள். பாய்லர்க்காரர்கள் தரையைப் பார்த்து நின்றார்கள்.

“ரெண்டாம் தொட்டி. ரெண்டாம் நாள் ஒண்ணு. மூணாம் நாள் ஒண்ணு. நாலாம் நாள் ரெண்டு.”

பாய்லர்க்காரர்களின் வரிசையிலிருந்து ஒரு குரல் மற்ற எல்லோருக்கும் ஒரு நொடி பிந்தி வந்தது. சலேத்துக்கு அந்தக் குரல் தெரியும். வியானி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பிறகு அவன் பக்கத்தில் நின்றவன் சொன்னான், அவனுக்குப் பிறகு அடுத்தவன்.

மணலில் முப்பத்தொன்று கிடந்தன. மிச்சம் ஒன்று, வயிற்றோரம் கறுப்புப் புள்ளி வைத்தது, அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. அமலி அதைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“சலேத்து, போதும்மா” என்றார் கோமதிநாயகம் சார். இப்போது அவர் கெஞ்சினார். காட்டமான தொட்டியில் மீன் செத்ததைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள், அந்த அளவு ஆற்றுக்கு வரப்போவதே இல்லை, அதெல்லாம் எழுதிச் சமாளித்துவிடலாம் என்று வேகமாகச் சொன்னார். “முதல் தொட்டிய மட்டும் விட்டுரு. ஒண்ணுதானே.”

அந்த ஒன்றுதான் குழாயை மூடும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மாடியில் இருப்பவர்களின் முகமும், இரண்டு பேர் சம்பளமும் நின்றுபோன வீடும், அடுத்த மாத ஊசிக்கு அமலியைத் தூக்கிக்கொண்டு அலைவதும் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. குழந்தையின் விரல் குஞ்சின் வாலைத் தொட்டது, குஞ்சு துள்ளியது. விதிப்படி உயிருள்ள மீன்.

சலேத் குழந்தையின் கையை மெல்ல விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“முதல் தொட்டி” என்றாள். “நாலாம் நாள். கடைசி மணி. ஒண்ணு.”

ஊர் முழுக்கச் சொன்ன பதில் முகத்துவாரத்தின் அக்கரையில் கேட்டதாம். குஞ்சு ஒரு தடவை வாயைத் திறந்து மூடி, சரியாக அதிகாரியின் செருப்புக்கு முன்னால் விழுந்தது.

அவள் தோள்பையிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்து அவரிடம் நீட்டினாள். “வாலுக்கு மேல ஒடுங்கின இடம் சார். தொட்டுப் பாருங்க.”

அதிகாரி குடைக்கு வெளியே குனிந்தார். தொட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தொட்டார். பெர்ப்பெத்து அக்கா கேட்காமலே வந்து உட்கார்ந்து செவுளைத் தூக்கிக் காட்டினாள். கூரையிலிருந்து பின்தொடர்ந்து வந்திருந்த ஒரு பூனை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவர் மணலில் அங்கங்கே குனிந்து குனிந்து முப்பத்திரண்டையும் தொட்டு முடிக்கும்வரை ஊர் நகரவில்லை. மணிக்கூண்டு ஐந்து அடித்தது. குழாய் திறக்கும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

அதிகாரி பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை உருவினார். சைபர்களை ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் ஒன்று, நான்கு, ஏழு, பத்து, பத்து என்று எழுதினார். பிறகு கண்களைச் சுருக்கிக்கொண்டு தாளின் அடியைப் பார்த்தார்.

“சோதிச்சது யாரு? கையெழுத்து புள்ளி மாதிரி இருக்கு, வாசிக்க முடியல.”

“நான்தான் சார். அத அடிச்சிருங்க” என்றாள் சலேத். “நான் முழுசா போடுறேன்.”

குழந்தையை பெர்ப்பெத்து அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஒரு சிலுவைமேல் தாளை வைத்து, பள்ளிக்கூடத்தில் நான்கு கோடு நோட்டில் எழுதப் பழக்கிய அந்த உருண்டை எழுத்தில், சலேத் மேரி வியானி, சோதனைக்கூட உதவியாளர், சங்குமுனை என்று ஒரு எழுத்தும் விடாமல் எழுதினாள். மழை வலுத்தது. மை காயும்வரை வியானி அந்தத் தாளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.